சி.பி. உள்ள குழந்தையோடு ஒரு வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகனுக்கு ஆறு வயது. 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். அவனுக்கு சி.பி., அதாவது செரிப்ரல் பால்சி. இரண்டு கால்களிலும் இறுக்கம். வாக்கர் பிடித்து நடக்கிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். தெரபி முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது புதிதாக வரும் அம்மாக்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதே பெஞ்சில் அதையேதான் கேட்டேன். இத்தனை நாள் வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அம்மா. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சி.பி. என்றால் என்ன? நோயா?

நோய் என்று சொல்ல முடியாது. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்துக்குள்ளோ மூளையில் ஏற்பட்டுவிட்ட ஒரு பாதிப்பு. தமிழில் மூளை முடக்குவாதம், பெருமூளை வாதம் என்று எழுதுகிறார்கள். பேச்சில் எல்லோருக்கும் அது சி.பி.தான். குறைமாதப் பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. காரணமே தெரியாமல் போவதும் உண்டு.

மூளையில் உள்ள பாதிப்பு நாளுக்கு நாள் வளராது. ஆனால் பிள்ளை வளரும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது. அதனால்தான் நேற்று வரை நன்றாக மடங்கிய முழங்கால், ஒரு வளர்ச்சிக்குப் பிறகு முரண்டு பிடிக்கிறது. “சரியாகி வந்தது, திரும்பவும் போய்விட்டதே” என்று அழாதீர்கள், உயரம் கூடியிருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். கால் இழுத்தால் அறிவும் குறைந்திருக்கும் என்று கணக்குப் போடவும் வேண்டாம். சிலருக்கு அந்தச் சிரமமும் இருக்கும், பலருக்கு இருக்காது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

நான்கைந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை, கை எப்போதும் முஷ்டியாகவே இருக்கிறது, துணி மாற்றும்போது கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டு விலக மறுக்கின்றன, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையைத்தான் நீட்டுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். “உன் புருஷன் கூட ரெண்டு வயசுலதான் நடந்தான்” என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். ஐந்து மாதம் போனது. மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியில் ‘டி.இ.ஐ.சி.’ எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பயிற்சி தருவதற்கென்று இருக்கும் மையம் அது. காசு கிடையாது.

நடப்பானா?

பெஞ்சில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி. நானும் டாக்டர் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காரும் முன்பே இதைத்தான் கேட்டேன்.

தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு வயதுக்குள் பிடிமானம் இல்லாமல் தானாக உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிற்பாடு ஏதோ ஒரு விதத்தில் நடந்துவிடுவார்கள். கம்பு பிடித்தோ, வாக்கரோடோ, வெறுமனேயோ. ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று ஐந்து படிநிலை கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. முதல் நிலையில் இருப்பவர்கள் எதையும் பிடிக்காமல் நடப்பார்கள். ஐந்தாம் நிலையில் தலையையும் உடம்பையும் நிமிர்த்தி வைக்கவே உதவி வேண்டும். என் பையன் மூன்று. உங்கள் பிள்ளை எந்த நிலை என்று தெரபிஸ்டிடம் நேராகக் கேளுங்கள். பல இடங்களில் அம்மா மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல் விடுகிறார்கள். தெரிந்துகொண்ட அன்று இரவு நான் தூங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து எதற்குப் பணம் செலவழிப்பது, எதற்கு வேண்டாம் என்று முடிவெடுக்க முடிந்ததும் உண்மை. நிலை மூன்றும் அதற்கு மேலும் என்றால் இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். இடுப்பு மூட்டு வலி காட்டாமலே மெல்ல நழுவும்.

இன்னொன்று. ‘நடப்பானா’ என்ற கேள்வியை வீட்டில் வைத்திருந்த இரண்டு வருஷமும் மற்ற எல்லாவற்றையும் ‘அவன் நடந்த பிறகு’ என்று தள்ளிப் போட்டோம். பள்ளி, குலதெய்வம் கோயில் பயணம், தங்கச்சி வீட்டுக் கல்யாணம், எல்லாம். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போயிருக்கலாம். மண்டபத்தில் லிஃப்ட் இருந்தது என்று ஆல்பத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வீட்டில் தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும்?

ஆரம்பத்தில் சுவரில் டைம்டேபிள் ஒட்டினேன். காலை 6 முதல் 7 ஸ்ட்ரெச்சிங், மாலை 5 முதல் 6.30 நிற்கும் பயிற்சி. மூன்று வாரத்தில், பாயை எடுத்தாலே பிள்ளை அழ ஆரம்பித்தான். அம்மா வருகிறாள் என்றால் காலை இழுக்க வருகிறாள் என்று அவனுக்குப் பதிந்துவிட்டது. அப்போது பார்த்த பிசியோ அக்கா சொன்னதைத்தான் இன்று வரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: “நீங்க தெரபிஸ்ட் வேலை பார்க்காதீங்க. வீட்டு வேலையில அவனைச் சேர்த்துக்கோங்க.”

இழுத்துவிடும் பயிற்சியும் ஸ்பிளிண்ட் போடுவதும் (கணுக்காலுக்கான பிளாஸ்டிக் உறை, ஏ.எஃப்.ஓ. என்பார்கள்) தப்பாமல் நடக்கும். குளித்துவிட்டு உடம்பு சூடாக இருக்கும்போது பத்து நிமிடம், தூங்கப் போகும் முன் பத்து நிமிடம். மீதியெல்லாம் வீட்டு வேலைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பூண்டு உரிப்பது என் மாமியாரும் அவனும் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு உருளைத் தலையணையின் இரு பக்கமும் கால் போட்டு, குதிரை மேல் உட்கார்கிற மாதிரி உட்கார்த்தி வைத்துவிடுவோம். கால்கள் தானாக விலகி நிற்கும், முதுகு நிமிரும். ஒரு கை பூண்டுப் பல்லைப் பிடிக்கும், மறு கை தோலை உரிக்கும். ஆறு பல் உரிப்பதற்குள் பாட்டி ஒரு கதை சொல்லி முடித்துவிடுவார். இதையே தெரபி அறையில் ‘இரு கை ஒருங்கிணைப்பு’ என்று பெயர் வைத்து, வண்ண மணி கோக்கவிட்டால் ஐந்து நிமிடம் தாங்க மாட்டான். இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது மேடை ஓரத்தில் நிற்பான். சின்ன முக்காலியில் உட்கார்ந்து எழுந்து துவைத்த துணியை ஒவ்வொன்றாக எனக்கு எடுத்துக் கொடுப்பான். பன்னிரண்டு துணி என்றால் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து எழுகிறான். துணி காயப்போடும் கொடியின் கீழேயே ஒரு தெரபி முடிந்துவிடுகிறது.

இரண்டு முழங்காலையும் உள்ளே மடக்கி, பாதத்தை வெளியே விரித்து ‘டபிள்யூ’ மாதிரி உட்கார்வதை மட்டும் நாள் முழுக்க விட்டுவிடாதீர்கள். அவனுக்கு அதுதான் சுகம், அதனால் திட்டவும் வேண்டாம். காலைத் தொட்டு மாற்றிவிட்டாலே போதும்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா?

மெதுவாகத் தேய்த்துவிடுவதில் தப்பில்லை, பிள்ளைக்கும் பிடிக்கும். “நரம்பு எடுக்கிறேன்” என்று பிடித்து நெரிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். இறுகிய தசையை வேகமாக இழுத்தால் அது இன்னும் இறுகும், மென்மையான எலும்புக்கும் ஆபத்து.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சில லட்சம் ரூபாய் கேட்டார்கள். என் கணவர் பி.எஃப். பணத்தை எடுக்கத் தயாராகவே இருந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று வகையைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியதும் பி.எஃப். தப்பித்தது. போட்டாக்ஸ் ஊசி வேறு விஷயம், அது இறுகிய தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்த எலும்பு மருத்துவர்கள் வழக்கமாகப் போடுவதுதான். போட்ட பிறகு பயிற்சியும் ஸ்பிளிண்டும் இல்லையென்றால் ஊசிக் காசு வீண்.

சாப்பாடு ஊட்டவே ஒரு மணி நேரம் ஆகிறது. என்ன செய்வது?

படுக்க வைத்தோ, தலையை அண்ணாந்து பிடித்தோ ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்கார்த்தி, முகவாய் லேசாகக் கீழே இருக்கும்படி, முன்னால் இருந்து ஸ்பூனை நேராகக் கொண்டு போங்கள். தண்ணீர், ரசம் போன்றவைதான் அதிகம் புரையேறும். கெட்டியான கூழ், குழைத்த சாதம் சுலபம். ஒவ்வொரு வேளையும் இருமுகிறது, சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாகிறது, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிக்கிறது என்றால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலையும் சொல்லாமல் விடாதீர்கள். ராத்திரி முழுக்கக் காரணம் தெரியாமல் அழுத பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் காரணம் அதுதான்.

வலிப்பு வந்தால்?

கையில் சாவி, இரும்பு எதுவும் கொடுக்க வேண்டாம். வாயில் ஸ்பூன் வைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். டாக்டர் மூக்கில் அடிக்கும் மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி அடியுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். ஏனென்றால் வலிப்பு வரும் நாளில் வீட்டில் இருப்பது நீங்களாக இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுத் தாத்தா சாவிக் கொத்தோடு ஓடி வந்தார், பாவம். நல்ல எண்ணம்தான்.

கழிப்பறைக்கு எப்படிப் பழக்குவது?

பேசுவதற்கு எல்லோரும் கூச்சப்படுவதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்களுடையது வாடகை வீடு, தரையோடு பதித்த இந்திய முறை டாய்லெட். குத்துக்காலிட்டு உட்கார அவனால் முடியாது. கடையில் விற்கும் கமோட் நாற்காலி அவனுக்கு அகலம், உள்ளே விழுந்துவிடுவான். கடைசியில், கைப்பிடி வைத்த குழந்தைகள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி, பிளம்பரிடம் சொல்லி நடுவில் வட்டமாக வெட்டினோம். வெட்டிய ஓரம் தொடையைக் கீறாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றி ஒட்டினார். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை. பாதம் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு முழுக்க இறுகும், எதுவும் வராது. பாதம் எதன் மேலாவது பதிந்தால்தான் வயிறு தளரும். பலகை வைத்த மூன்றாம் நாள் வேலை நடந்தது. அன்றைக்கு வீட்டில் கேசரி.

சான்றிதழ் வாங்க வேண்டுமா? சின்ன வயதிலேயே ‘ஊனம்’ என்று முத்திரை குத்துவது போல இருக்கிறதே?

என் கணவர் சொன்னதும் இதுதான். ஒன்றரை வருஷம் தள்ளிப் போட்டார். சான்றிதழ் வாங்காததால் பிள்ளையின் கால் இறுக்கம் குறைந்துவிடவில்லை, கையில் வர வேண்டியதுதான் வரவில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் சி.பி.யும் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான சலுகைகள். யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இணையதளத்தில் ஆதாரும் புகைப்படமும் கொடுத்து விண்ணப்பித்துவிட்டு, அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பார்த்துச் சதவீதம் போடும் நாளில் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் சான்றிதழாகவும் தருவார்கள், தேதியைக் குறித்து வையுங்கள். நாங்கள் போன இடத்தில் காலை எட்டரைக்கு டோக்கன் வாங்கி, மூன்றே முக்காலுக்குத்தான் கூப்பிட்டார்கள். சாய்தளம் இருந்தது, அதன் வாயிலில் பைக்குகள் நின்றன. சாப்பாடு, மாற்றுத் துணி, ஒரு போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அட்டை வந்த பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். கடும் பாதிப்பு என்று சான்றளிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் ‘நிரமயா’ காப்பீட்டில் சி.பி. பிள்ளைகளைச் சேர்க்கலாம், வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, சேரும் முன் மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்பதில்லை. தெரபி ரசீதை ஒன்று விடாமல் ஒரு ஃபைலில் போடுங்கள். வருமான வரி கட்டுபவர் பழைய வரி முறையில் இருந்தால் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி பிரிவு) 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் உடன் செல்பவருக்கும் டிக்கெட் இல்லை. ரயில் சலுகைக்கு ரயில்வே தனியாக ஒரு அட்டை தரும், அதற்கு வேறு படிவம். ஆமாம், திரும்பவும் போட்டோ.

பள்ளியில் சேர்ப்பார்களா? சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா?

நாங்கள் முதலில் போன நர்சரி பள்ளியில், “எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மத்த பேரன்ட்ஸ் ஏதாவது சொல்வாங்க” என்றார்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் அதில் இருக்கிறது. தெரிந்திருந்தும் நான் சண்டை போடவில்லை. வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. சண்டை போட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

இப்போது வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் அரசுத் தொடக்கப் பள்ளி. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறார். எழுத்து, கணக்கு எதிலும் பிரச்சினை இல்லை, டாய்லெட்தான் பிரச்சினை. முதல் இரண்டு மாதம் அவன் பள்ளியில் தண்ணீரே குடிக்கவில்லை என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். குடித்தால் போக வேண்டுமே! நாலாவது நாள் காய்ச்சலில் டாக்டர் சிறுநீர் டெஸ்ட் எழுதிய பிறகுதான் புரிந்தது. இரண்டாவதாக ஒரு நாற்காலியை வெட்டிப் பள்ளியில் கொண்டு போய் வைத்தோம். ஆயாம்மாவிடம் எப்படித் தூக்குவது என்று ஒரு தடவைதான் காட்டினேன், இப்போது என்னைவிட நன்றாகத் தூக்குகிறார்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சிறப்பு மையங்கள் பெரிய பலம். சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-லிருந்து இயங்கும் அமர் சேவா சங்கம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. தூரம்தான் யோசிக்க வைக்கும். வாரம் இரண்டு நாள் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தால் பிள்ளையும் சோர்ந்துவிடும், நீங்களும் சோர்ந்துவிடுவீர்கள். மாதம் ஒருமுறை அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்து, மீதியை வீட்டுப் பக்கத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மூத்த பிள்ளையை எப்படிக் கவனிப்பது?

அவளுக்குப் பத்து வயது. “தம்பியைப் பார்த்துக்கோ” என்று நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று ஒருநாள் நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள். 23 கோடு. அதைக் காட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை காலை அவளுக்கும் எனக்கும் மட்டும். நூலகம், கரும்புச் சாறு. தம்பியைப் பற்றி அவளாகப் பேசினால் பேசுவோம், நானாக எடுப்பதில்லை.

“போன ஜென்மத்துப் பாவம்”, “கிரகணத்துல வெளியே போனியா”, “சொந்தத்துல கட்டினதால” என்று பேசுபவர்களுக்கு என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லாததால் “குறைமாசத்துல பிறந்தான், அதான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். பிள்ளை காதுபட ‘பாவம்’ என்று சொல்பவர்களை மட்டும் விடுவதில்லை. “அவன் பாவமில்ல பெரியம்மா, சேட்டை. உங்க செல்போனைப் பத்திரமா வச்சுக்கோங்க.” பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள்.

எனக்கு முதுகு வலிக்கிறது. அழுகையும் வருகிறது. இது சாதாரணமா?

சாதாரணம்தான், ஆனால் சும்மா விடக் கூடாது. 18 கிலோவை நாளைக்கு இருபது முறை இடுப்பில் தூக்கினால் எந்த முதுகும் வலிக்கும். முழங்காலை மடக்கி, பிள்ளையை உடம்போடு ஒட்டித் தூக்கச் சொல்லித் தரும்படி பிசியோவிடம் கேளுங்கள், அது அவர்கள் வேலைதான். தூக்குவதை வீட்டில் இன்னொருவரும் பழக வேண்டும். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்ட முதல் மாதம் சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டார், மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இரண்டாவது ஞாயிறு வந்திருக்காது. அழுகை வாரக்கணக்கில் நிற்கவில்லை, தூக்கமே இல்லை என்றால் உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள்.

வெளியூர், கடற்கரை என்று கூட்டிப் போக முடியுமா?

முடியும். மணலில் வாக்கர் நகராது என்பதால் கடல் என்றாலே எங்களுக்குத் தூரத்துக் காட்சிதான். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அலை அருகே வரை மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே புயலில் சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். நாங்கள் போன வருஷம் பள்ளி விடுமுறையில் போனோம். பாதையில் செல்ஃபி எடுப்பவர்கள்தான் அதிகம், “கொஞ்சம் வழி விடுங்க” என்று சொல்லிக்கொண்டே போக வேண்டியிருந்தது. முனையில் வாக்கரை நிறுத்திவிட்டு, ஸ்பிளிண்டைக் கழற்ற மறந்து, அப்படியே அப்பாவும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க அலையில் நின்றான். ஒரு பெரிய அலை மூன்று பேரையும் உட்கார வைத்தது. ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் அந்த வெல்க்ரோவிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஸ்பிளிண்டை உப்புத் தண்ணீரில் நனைத்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.